வலிக்காத புண்



கெடா, பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக உழைத்தவர் என் தாயார். ஒருநாள் அவர் பாதத்தில் முள் தைத்துச் சீழ் கோத்திருந்ததை நான்தான் கண்டேன். "வலிக்கவே இல்லையேம்மா" என்றார். நீரிழிவு அவர் பாத உணர்ச்சியை முன்னரே பறித்திருந்தது. ஒரு விரலை இழந்தார்.

இவ்வாறு வலி தெரியாமையே பெருங்கேடு என்பதைத் தொழுநோயாளரிடம் கண்டு விளக்கியவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகுவதில்லை; உணர்விழந்த பாதம் காயத்தை அறியாது, புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் ஊன்றுவதால் சிதைகிறது என்று கண்டார். மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைப் பரவச்செய்தபோது புண்கள் ஆறின. ஆறிய பாதங்களைக் காக்க மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் உருவாயின.

1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், அதே பாடத்தை நீரிழிவுப் பாதங்களுக்கும் எடுத்துச் சென்றார். உணர்விழந்த உள்ளங்காலில் புண் வந்தால், முழங்கால்வரை கழற்ற இயலாத காப்பையே பன்னாட்டு வழிகாட்டிகள் இன்றும் முதலில் பரிந்துரைக்கின்றன.

ரப்பரோடே வாழ்ந்த என் தாயாருக்கு இச்செய்தி எட்டவில்லை. 2023 தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. ஆதலின் என் மாணவர்க்கு நான் தரும் வீட்டுப்பாடம் இது: நாள்தோறும் தாத்தா பாட்டியின் உள்ளங்காலைப் பாருங்கள், சிறு கீறல் கண்டாலும் பெற்றோரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.