மாத்தாங் அலையாத்திக் காடு: ஒரு கோலும் ஒரு சூளையும்



மலாயாவின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த பணிப்படையினர் அதனை அமைத்தனர். ஈயம் கப்பலேறிய அத்துறைமுகமே இன்றைய கோலா செப்பெத்தாங். ஈயத்தின் காலம் முடிந்துவிட்டது. ஆனால், அவ்வூரைச் சூழ்ந்துள்ள மாத்தாங் அலையாத்திக் காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பில் இன்றும் மக்களை வாழ்விக்கின்றது. இக்காட்டின் வரலாறும் மாணவர் அறிய வேண்டியதே.

ஈயச் சுரங்கங்களுக்கும் இரயில்களுக்கும் விறகு தேவைப்பட்ட காலத்தில், கடலோரக் காடுகள் அழிந்துவிடும் அபாயம் இருந்தது. 1902 முதல் வனத்துறையினர் மாத்தாங்கைத் திட்டமிட்டுப் பராமரிக்கத் தொடங்கினர். இன்று 30 ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக மரங்கள் வெட்டப்படுகின்றன. வெட்டிய இடத்தில் கன்று தானாக முளைக்காவிட்டால் நட்டு வளர்க்கின்றனர்.

இடையில் மரங்களைக் களைவதற்கு அவர்கள் கையாளும் கருவி ஒரு கோல் மட்டுமே! சுமார் 15 ஆண்டு வயதில் 1.2 மீட்டர் கோல். சுமார் 20 ஆண்டு வயதில் 1.8 மீட்டர் கோல். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, கோலின் நீளத்திற்குள் நிற்கும் பிற மரங்களை வெட்டுவர். அவை கட்டுமானத்திற்குக் கழிகளாக விற்பனையாகும். எஞ்சிய மரமோ வெளிச்சமும் இடமும் பெற்றுப் பருக்கும்.

முதிர்ந்த பாக்காவ் மரம் கரிச்சூளைக்குச் செல்கிறது. குவிமாடம் போன்ற அச்செங்கற்சூளையின் வடிவம் சயாமிலிருந்து வந்தது. சுமார் 40 டன் பச்சை மரத்தை அடுக்கினால் ஏறத்தாழ 10 டன் கரி கிடைக்கும். உள்ளே நிகழ்வதைச் சூளைக்காரர் துளைவழி வெளிவரும் புகையின் மணத்தாலும் வெப்பத்தாலும் அறிகிறார். எப்பொழுது தீயை அடக்கி வாயிலை மூட வேண்டும் என்பதை அவருக்கு எந்த ஏடும் கற்பிக்கவில்லை. ஆண்டுக்கணக்கான பழக்கமே கற்பித்தது.

கோல் வனத்துறையின் புத்தாக்கம். புகையறிவு உழைப்பாளரின் மரபுச் செல்வம். இரண்டும் இணைந்ததால்தான் காடும் நின்றது, ஊரும் பிழைத்தது. எனினும், மகசூல் முந்தைய சுழற்சிகளைவிடக் குறைந்துள்ளதாக ஆய்வாளர் சிலர் எச்சரித்துள்ளனர். எனவே, நூறாண்டு வெற்றி என்று நாம் கண்மூடி இருத்தல் ஆகாது.

மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது இச்சூளைகளின் முன் சற்றே நிறுத்துங்கள். அங்கே உழைப்பவரிடம் பிள்ளைகள் வினா எழுப்பட்டும். எழுதப்படாத அறிவு, கேட்பார் இல்லாவிடில் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும் அன்றோ?