ஆயா வாட்சு

பழவேற்காட்டில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த கைக்கடிகாரம் எங்களுக்கு எப்போதும் 'தாத்தா வாட்சு'தான். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கி, சாவி இறுகியிருந்தது. பழுதுபார்ப்பவர் திறந்து துடைத்ததும் டயலில் எச்.எம்.டி. 'சுஜாதா' என்று தெரிந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய எச்.எம்.டி., பெண்களுக்கென்று செய்த வகை அது.

அத்தையிடம் கேட்டேன். "அம்மாதான் கட்டுவாங்க. கூடையத் தூக்கிக்கினு மொத பஸ்ஸப் புடிக்கணுமே!"

ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை கட்டுவது என்று முறை வைக்கும் 'பாடு' வழக்கத்தில் உரிமை ஆண்களுக்கே. மீனை விற்றுக் காசாக்கிய ஆயாவின் கடிகாரத்தையும் நாங்கள் அதே பழக்கத்தில் தாத்தா பெயரில் எழுதிவிட்டோம்.

கைக்கடிகாரமே முதலில் பெண்களின் அணிதான். 1810இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா தன் மணிக்கட்டுக்கென்று பிரெகேயிடம் ஒன்று செய்யச் சொன்னார். சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்த ஆண்களின் கைக்கு அதைப் பரவலாகக் கொண்டுவந்தது முதல் உலகப்போர்.

காய்ந்த எண்ணெயைக் கழுவி, புது எண்ணெயிட்டதும் ஓடத் தொடங்கியது. டயலுக்குச் சாயம் பூசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மறுபடியும் பெயர் மறையக் கூடாது.