தடவிய கையும் தாக்கிய கையும்

வீட்டுப் பூனைக்கு 'மசாஜ்' செய்துவிடுவது எப்படி என்று கற்பிக்கும் நூல்களும் காணொளிகளும் இன்று ஏராளம். மனிதரின் முதுகைப் பிடித்துவிடவே ஆளில்லாத காலத்தில் பூனைக்கு மசாஜா என்று சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிரிப்பதில் தவறில்லை. ஆயினும் பூனையின் முதுகில் மனிதனின் கை போய் அமர்ந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் அந்தச் சிரிப்பு சற்று அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அம்முதுகைத் தடவி வந்த கைதான் அதன் கழுத்தை முறித்தும் இருக்கிறது.

இவ்வரலாற்றின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சைப்பிரஸ் தீவில் கிடைத்தது. ஷில்லூரோகம்போஸ் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் எலும்புக்கூட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் தொலைவில், எட்டு மாதப் பூனையொன்றின் முழு எலும்புக்கூடு காணப்பட்டது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜோன்-டெனி வீன் தலைமையிலான குழு இதனை 2004ஆம் ஆண்டு வெளியிட்டது. எலும்புகளில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. ஆகவே அது உணவாகக் கொல்லப்பட்டதன்று. சைப்பிரஸ் தீவில் இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை என்பதால், யாரோ அதனைப் படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஆடு, மாடுகளைப் போலப் பூனையை மனிதன் பிடித்துக் கட்டி வளர்த்ததாகத் தெரியவில்லை. மேற்காசியாவில் தானியம் சேமிக்கத் தொடங்கிய மனிதனைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. தானாக வந்த பிராணி, விரும்பினால் தானாகவே போய்விடவும் கூடியது. பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வியல்பை மறவாதிருத்தல் வேண்டும்.

எகிப்தில் பூனை வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியின் கீழ் இடம் பிடித்தது. தீப்ஸ் நகரில் உள்ள நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில், ஆசனத்தின் கீழ் ஒரு பூனை மீன் தின்றுகொண்டிருக்கிறது. மூன்றாம் அமென்ஹோதெப் மன்னனின் மகனான இளவரசன் துத்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சவப்பெட்டியே செய்வித்தான். 'தா-மியு' என்பது அப்பூனையின் பெயர்; பெண் பூனை என்று பொருள். வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் தம் புருவங்களை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பூனையொன்றைக் கொன்ற உரோமன் ஒருவனை மக்கள் திரண்டு கொன்றதைத் தாம் நேரிற் கண்டதாக டியோடோரஸ் பதிவு செய்துள்ளார். அவன் வேண்டுமென்று அதனைக் கொல்லவில்லை. உரோமின் பகைக்கு அரசனே அஞ்சியிருந்த நேரம் அது. இருந்தும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

இவ்வளவு போற்றிய நாட்டிலேயே மறுபக்கமும் இருந்தது. பாஸ்டெற் தேவதைக்குக் காணிக்கையாகச் செலுத்தப் பதப்படுத்திய பூனை உடல்கள் தேவைப்பட்டன. அத்தேவைக்காகவே பூனைகள் வளர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டன. சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஓர் உடலை நுண்கதிர்ப் படமெடுத்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அது ஐந்து மாதமும் நிரம்பாத குட்டி. அதன் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. பக்தனுக்குக் காணிக்கை, வணிகனுக்குச் சரக்கு. 1890ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து லிவர்பூல் துறைமுகத்துக்கு அத்தகைய பூனை உடல்கள் சுமார் 19 தொன் வந்திறங்கின. அவை ஏலத்தில் விற்கப்பட்டு, அரைக்கப்பட்டு, வயல்களுக்கு உரமாயின.

இஸ்லாமிய உலகில் பூனையின் நிலை மேலானதாகவே இருந்தது. நபிகளாரின் தோழர்களுள் ஒருவர் வரலாற்றில் நிலைத்திருப்பதே 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படும் அபூ ஹுரைரா என்ற பெயரால்தான். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவின் ஆதரவற்ற பூனைகளுக்கென ஒரு தோட்டத்தின் வருவாயை எழுதிவைத்தார். சுமார் 550 ஆண்டுகளின் பின்னரும் அந்நகரில் அவற்றுக்கு நாள்தோறும் உணவிடப்பட்டதை எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் எழுதியுள்ளார்.

ஐரோப்பாவிலோ கதை வேறு. 1233ஆம் ஆண்டில் பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி விடுத்த மடல், ஜேர்மனியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சாத்தான் வழிபாட்டில் கறுப்புப் பூனையொன்று தோன்றுவதாக விவரித்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளை வீசியெறியும் வழக்கம் 1817 வரை நீடித்தது. இன்று அவ்விழாவில் பொம்மைப் பூனைகளே வீசப்படுகின்றன.

அச்சுத் தொழிலோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, இவ்வரிசையில் மிக நெருக்கமாகப்படுவது பாரிஸ் அச்சகம் ஒன்றில் 1730களின் இறுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. அங்கு பயிற்சித் தொழிலாளியாக இருந்த நிக்கொலா கொந்தா எழுதிவைத்ததை அமெரிக்க வரலாற்றாசிரியர் ரொபர்ட் டார்ன்டன் 1984ஆம் ஆண்டில் ஒரு நூலின் மூலம் உலகறியச் செய்தார். அக்கால அச்சக முதலாளிகளுக்குப் பூனைப் பித்து. ஒருவர் 25 பூனைகளை வளர்த்து, அவற்றின் உருவங்களை ஓவியமாகத் தீட்டுவித்து, பொரித்த கோழி கொடுத்தாராம். தொழிலாளருக்குக் கிடைத்ததோ பூனையும் முகர்ந்துவிட்டு விலகும் கெட்டுப்போன இறைச்சி. ஆத்திரம் திரண்டபோது அவர்களால் முதலாளியைத் தொட முடியவில்லை. முதலாளியின் மனைவி செல்லமாகத் தடவி வளர்த்த சாம்பல் நிறப் பூனையைத்தான் முதலில் அடித்துக் கொன்றார்கள். ஏனைய பூனைகளை விசாரணை நடத்துவதுபோல் நடித்துத் தூக்கிலிட்டார்கள். ஒரு கை தடவியது என்பதற்காகவே மற்றொரு கை ஓங்கியது. தொழிலாளியின் பசி நியாயமானது. அதற்கு விலை கொடுத்ததோ அப்பசிக்குக் காரணமல்லாத பிராணி.

லண்டன் பளிங்கு மாளிகையில் 1871ஆம் ஆண்டு ஹரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சியோடு காலம் மாறத் தொடங்கியது எனலாம். 20ஆம் நூற்றாண்டில் அறிவியலாளரும் பூனையை நாடினர். சுவீடன் நாட்டு உடலியலாளர் இங்வே சொட்டர்மன், பூனையின் தோல் நரம்புகளில் மெல்லிய வருடலுக்குப் பதில் தரும் மிக நுண்ணிய, மெதுவான நரம்பிழைகள் இருப்பதை 1939ஆம் ஆண்டில் அறிவித்தார். அதேபோன்ற இழைகள் மனிதத் தோலிலும் உள்ளமை பல பத்தாண்டுகளின் பின் உறுதியாயிற்று. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான வேகத்தில் தோலை வருடும்போதே அவை நன்கு விழித்தெழுகின்றன என்பதும், அந்த வேகமே மனிதருக்கு மிக இதமாயிருக்கிறது என்பதும் 2009இல் வெளியான ஆய்வின் முடிவு. அழும் குழந்தையின் முதுகைத் தாய் தடவும் வேகமும் ஏறத்தாழ இதுவே. அந்த ஆறுதலின் வழியை முதலில் காட்டியது ஆய்வுகூடத்துப் பூனையின் நரம்பு.

எல்லாப் பூனையும் கைக்கு வருவதில்லை. இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் மனிதக் கை பட்ட குட்டியே பின்னாளில் மனிதரை நம்பும் என்பதை 1980களில் அமெரிக்க ஆய்வாளர் ஐலீன் கார்ஷ் பரிசோதனைகள் மூலம் காட்டினார். அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன்னரே அதனை நான் யாழ்ப்பாணத்தில் கண்டேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறியபோது, மக்களால் கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை மிகச் சில. பூனைகள் வீடுகளோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது எமது பூனை மெலிந்துபோய் மதிலில் இருந்தது. இரண்டு நாள் எட்ட நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அம்மாவின் காலடியில் வந்து தலையை முட்டியது. ஆளில்லாத வீட்டில் அது ஈன்ற இரண்டு குட்டிகளோ, எவ்வளவு மீன் வைத்தும் கடைசிவரை எவருடைய கைக்கும் எட்டவில்லை. அவற்றின் ஏழு வாரங்களும் மனிதர் இல்லாமலே கழிந்திருந்தன. ஊர் பெயர்ந்ததன் இழப்புக் கணக்கில் எவரும் எழுதாத ஒரு வரி அது.

தமிழ் வைணவத்தில் மார்ச்சால நியாயம் என்றொரு கருத்துண்டு. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி எதுவும் செய்யாமல் தன்னை ஒப்படைத்துவிடுவது போல, அடியவன் இறைவனிடம் தன்னை விட்டுவிட வேண்டும் என்பது தென்கலையார் கொள்கை. குட்டிக்கு அது பொருந்தும். வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் அது அசையாதிருப்பது அமைதியினால் அன்று, அச்சத்தினால் என்பதே இன்றைய மிருக வைத்தியர் பலரின் கருத்து. சரணாகதியை இறைவன் கேட்கலாம். மனிதன் பூனையிடம் கேட்கலாகாது.

இனி மசாஜுக்கு வருவோம். லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வாலின் அடிப்பகுதியைத் தடவியபோதே பூனைகள் மிகுதியான வெறுப்பைக் காட்டின. காதின் அடி, கன்னம், தாடை ஆகியவற்றில் பூனைக்கு மணச் சுரப்பிகள் உண்டு. தன் வாசனையைப் பதிக்க அது தானே உரசும் இடங்கள் அவை. அங்கேதான் தொடங்க வேண்டும். கையை நீட்டிக் காத்திருங்கள்; பூனை வந்து முட்டட்டும். விரல் நுனியால் மெதுவாக வட்டமிடுங்கள். பின் கழுத்திலிருந்து தோள்வரை, மயிர் படிந்துள்ள திசையில் நீவுங்கள். சில செக்கன்களில் கையை எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் அது மீண்டும் முட்டும். வால் அடிக்கத் தொடங்கினாலோ, காது பின்னோக்கி மடிந்தாலோ, முதுகுத்தோல் சிலிர்த்தாலோ அத்தோடு போதும். வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கையின் அடையாளம். தொடுவதற்கான அழைப்பென்று கொள்ளற்க.

மசாஜ் என்றதும் தைலத்தைத் தேடுவது நம்மவர் வழக்கம். பூனைக்கு அது ஆபத்து. யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் போன்றவை பூனைக்கு நஞ்சு. மயிரில் பட்டதை அது நக்கி விழுங்கிவிடும். வலி என்று எண்ணிப் பரசிட்டமோல் கொடுத்தால் அது உயிரையே பறிக்கும். அவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. வெறுங்கை போதும்.

தேவதையாக்கிய கை, காணிக்கையாக்கிய கை, கோபுரத்திலிருந்து எறிந்த கை, நரம்பைப் பிரித்துப் பார்த்த கை என்று எத்தனையோ கைகளைப் பூனை இனம் கண்டுவிட்டது. அவற்றுள் எதுவும் பூனையின் விருப்பத்தைக் கேட்டதில்லை. மாலை வேளையில் திண்ணையில் இருந்து, பூனை போதும் என்றதும் எடுத்துக்கொள்ளப்படும் கை அதனைக் கேட்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் நாம் கற்றுக்கொள்ளப் பிந்திய பாடம் அதுவே.