பைண்டர் பிறந்த கதை

க்ரேப் பேண்டேஜ் சுளுக்குக்கென்று செய்த பொருள். கணுக்காலில் சுற்றிச் சின்ன உலோகக் கொக்கியை மாட்டினால் வீக்கத்தை அடக்கும், மூட்டை அசையவிடாது. அதையே மார்பைச் சுற்றிக் கட்டினால் அரை மணி நேரத்தில் நழுவ ஆரம்பிக்கும். ஓரம் சுருண்டு கயிறாகி விலாவில் பதியும். ஆழ்ந்து மூச்சை இழுக்கும்போது விலாக்கூடு விரிந்தாக வேண்டும், பேண்டேஜ் விடாது. ஆனால் மருந்துக்கடையில் காரணம் கேட்காமல் கொடுப்பார்கள், விலையும் குறைவு. அதனால் பிறப்பில் பெண் என்று பதிவாகி, தன்னை ஆணாக உணர்ந்து வளரும் திருநம்பிப் பிள்ளைகள் பலருக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான். சிலர் பேக்கிங் டேப்பைக்கூடச் சுற்றிக்கொள்கிறார்கள். பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

இந்த அவஸ்தைக்கு மாற்றாக வந்த உடை பைண்டர். ஆனால் மார்பைத் தட்டையாக்கும் உடையின் வம்சம் திருநம்பிகளிடமிருந்து தொடங்கவில்லை. 1920-களில் மேற்கு நாடுகளில் பெண்களுக்குத் தட்டை மார்பு நாகரிகமாக இருந்தது. இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோ ஊரில் இருந்த சிமிங்டன் கம்பெனி ‘சைடு லேசர்’ என்ற உள்ளாடையைத் தைத்து விற்றது. தலை வழியாகப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் உள்ள கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். ஃபேஷன் மாறியதும் அது மறைந்தது.

பிறகு மருத்துவம் வழியாக ஒரு வரவு. சில ஆண்களுக்கு மார்புத் திசு பெருத்துவிடும். அவர்களுக்காக அமெரிக்காவில் அண்டர்வொர்க்ஸ் போன்ற கம்பெனிகள் இறுக்கமான பனியன்களைத் தயாரித்தன. திருநம்பிகள் அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வேறு உடம்பை மனதில் வைத்துத் தைத்தது. இடுப்பு வரை நீண்டு, உட்கார்ந்தால் சுருண்டு மேலேறும். இருந்தும் பேண்டேஜுக்கு எவ்வளவோ தேவலை.

2015-ல் மார்லி வாஷிங்டன் என்ற கறுப்பினத் திருநம்பி அமெரிக்காவில் ஜிசி2பி என்ற கம்பெனியைத் தொடங்கினார். போட்டுப் பார்த்து வலி அறிந்தவரே வரைந்த உடை என்பதால் எனக்கு இந்தக் கட்டம் முக்கியமாகப் படுகிறது. முன்பக்கம் உள்ளே அதிகம் நீளாத துணிப் பட்டை. அதுதான் அழுத்தத்தை மார்பு முழுக்கச் சமமாகப் பரப்புகிறது. முதுகுப் பக்கம் நீண்டு கொடுக்கும் துணி. மூச்சுக்கான இடம் அங்கே இருக்கிறது. விலாக்கூட்டின் கீழே முடிகிற குட்டை வடிவமும் உண்டு. வெவ்வேறு தோல் நிறங்களில் வந்ததால் வெள்ளைச் சட்டைக்குள் துருத்தித் தெரியவில்லை.

நல்ல பைண்டராலும் தொந்தரவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2016-ல் வெளிவந்த சாரா பைட்ஸ்மையர் குழுவின் ஆய்வு 38 நாடுகளில் 1,800 பேரிடம் கேட்டது. எல்லாரும் 18 வயது நிறைந்தவர்கள். 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒரு உபாதையைச் சொன்னார்கள். முதுகுவலியும் உடல் சூடும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு. மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அதே ஆட்கள்தான், கட்டிக்கொள்வதால் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து தன்னம்பிக்கை கூடியதாகவும் சொன்னார்கள். ஆகவே ‘கழற்றி எறி’ என்று அதட்டுவது பதிலாகாது. வாரத்தில் கட்டாத நாட்கள் இருந்தவர்களுக்கு உபாதை குறைவு என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. அதைக் கும்மிடிப்பூண்டியில் வைத்துப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் 8 மணி நேரம். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பது, போக்குவரத்து சேர்த்தால் 10, 11 ஆகிவிடும். உருக்காலைப் பக்கம் அப்ரண்டிஸாகச் சேர்ந்த 18 வயதுப் பையனுக்குச் சித்திரை வெயிலோடு உலைச் சூடும் சேர்கிறது. பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குக் காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன். வீட்டுக்கு வந்ததும் கழற்றலாம்தானே? வீட்டுக்குத் தெரியாது என்றால் அங்கேயும் கழற்ற முடியாது. ஒற்றை அறை வீட்டில் எல்லாரோடும் படுக்கும் பிள்ளை அதோடேயே தூங்கும். தூங்கும்போது கட்டவே கூடாது என்பது எல்லா அறிவுரையிலும் இருக்கும் விதி. ரகசியம்தான் இங்கே பெரிய ஆபத்து. விஷயம் தெரிந்த அம்மா ஒருத்தி இருந்தால் பாதி உபாதை வராது என்று நம்புகிறேன்.

அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மார்பின் அகன்ற இடத்தில் டேப் வைத்து அளந்து பைண்டர் கம்பெனியின் அட்டவணைப்படி வாங்குங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட வேண்டாம். பி.டி. பீரியடிலும் மூட்டை தூக்கும் வேலையிலும் பைண்டரே வேண்டாம், தளர்வான ஸ்போர்ட்ஸ் பிரா போதும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டால் வேர்வையை வாங்கிக்கொள்ளும்; இல்லாவிட்டால் வேர்க்குருவும் படையும் வரும். வாரத்தில் ஓரிரு நாள் ஒரு சைஸ் பெரிய சட்டையோடு விட்டுவிடலாம், கம்பெனியின் தடித்த காக்கிச் சட்டை இதற்குத் தோது. கழற்றியதும் நன்றாக மூச்சு இழுத்து இருமிப் பாருங்கள். வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே கழற்ற வேண்டும், அடங்காவிட்டால் டாக்டர். ஆஸ்துமா உள்ள பிள்ளை தொடங்குவதற்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும்.

டாக்டர் என்றதும் பயப்படும் பிள்ளைகள் உண்டு. ‘உன்னைப் பெண்ணாகவே மாற்றிவிடுகிறேன்’ என்று சிகிச்சை தொடங்குவாரோ என்ற பயம். 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய சிகிச்சையைத் தடுக்க உத்தரவிட்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே ஆண்டு உலகத் திருநர் மருத்துவச் சங்கமான டபிள்யூபாத் தன் எட்டாம் பதிப்பு வழிகாட்டியில், மார்பு கட்டுவதன் நன்மையையும் அபாயத்தையும் வளரிளம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. கும்மிடிப்பூண்டி லோக்கல்களும் திருவள்ளூர் லோக்கல்களும் பல சென்ட்ரலில் மூர் மார்க்கெட் நிலையத்துக்கு வருகின்றன. சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அங்கே திருநர்களுக்கான கிளினிக் நடக்கிறது. போகும்போது பைண்டரையும் எடுத்துப் போங்கள். எங்கே பதிகிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.