பத்து டாலர் தீர்ப்பு

1854 மே 24 மாலை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்துவந்த ஆந்தனி பர்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை நடுத்தெருவில் மடக்கிப் பிடித்தார்கள். நகைக்கடையில் திருடியதாகக் குற்றச்சாட்டு. அது வெறும் சாக்கு. நீதிமன்றத்தில் அவருக்காகக் காத்திருந்தவர், வர்ஜீனியாவைச் சேர்ந்த அவருடைய எஜமான் சார்ல்ஸ் சட்டில். ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பிவந்த பர்ன்ஸ், தன் சகோதரருக்கு எழுதிய கடிதம் எஜமான் கையில் சிக்கிவிட்டது.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் அடிமை முறை ஒழிந்து சுமார் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கேயே புகுந்து ஆளைப் பிடிக்க வழிவிட்டது 1850இல் வந்த ஒரு சட்டம். மெக்சிகோவிடமிருந்து கைப்பற்றிய நிலங்களில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா என்று வட மாநிலங்களும் அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களும் முட்டிக்கொண்டபோது, நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சமரசம் செய்தது. கலிஃபோர்னியா அடிமைகளற்ற மாநிலமானது. தெற்கைச் சமாதானப்படுத்த வந்தது தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அதன்படி ஜூரி விசாரணை கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் ஆணையருக்கோ, ஆளை எஜமானிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்பதால்தான் இந்த வித்தியாசம் என்றார்கள். அது அப்பட்டமான லஞ்சம் என்றார்கள் எதிர்ப்பாளர்கள்.

மே 26 இரவு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த கூட்டம் ஒன்று பெரிய மரக்கட்டையால் நீதிமன்றக் கதவை இடித்தது. கைகலப்பில் காவலர் ஒருவர் இறந்தார். பர்ன்ஸை மீட்க முடியவில்லை. ஜூன் 2 அன்று தீர்ப்பு எஜமானுக்குச் சாதகமாக வந்தது. படைவீரர்கள் சூழ பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றபோது, ஏறக்குறைய 50,000 பேர் தெருவோரம் திரண்டு நின்றார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. ஓரிடத்தில், ‘சுதந்திரம்’ என்று எழுதிய சவப்பெட்டியைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாஸ்டன் பணக்காரர்கள் பலர் அதுவரை தெற்கோடு அனுசரித்துப் போனவர்கள். அவர்களுடைய நெசவாலைகள் ஓடியதே அடிமைகள் விளைவித்த பருத்தியால்தான். ஆலைக் குடும்பத்து ஏமாஸ் லாரன்ஸ் அப்படிப்பட்ட ஒருவர். பர்ன்ஸ் விவகாரம் அவரை அடிமை முறையின் பகிரங்க எதிரியாக்கியது. அதே வாரத்தில் கையெழுத்தான கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம், அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அடிமை முறையை எதிர்ப்பவர்களைக் கன்சாஸில் குடியேற்ற லாரன்ஸ் பணத்தை வாரியிறைத்தார். அங்கே அவர் பெயரால் எழுந்த ஊரை 1856 மே மாதம் அடிமை முறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். மறுநாள், வாஷிங்டனில் செனட் அவைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்துவந்த மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார்.

பர்ன்ஸை 1855இல் பாஸ்டன்காரர்கள் 1,300 டாலர் கொடுத்து மீட்டார்கள். அதே ஆண்டு மாசசூசெட்ஸ், பிடிபடுவோருக்கு ஜூரி விசாரணை உரிமை தந்து சட்டம் போட்டது. வேறு பல வட மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. 1860 டிசம்பரில் ஒன்றியத்திலிருந்து முதலில் வெளியேறிய தென் கரோலினா, தான் பிரிவதற்கான காரணங்களை அறிக்கையாக வெளியிட்டது. ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தராமல் சட்டம் போட்டுத் தடுத்த வட மாநிலங்களை அது பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது.