மனைக்கட்டிலிருந்து அடுக்குமாடி வரை: சென்னையில் எளியோர் குடியிருப்பின் வரலாறு

எளிய வருமானமுள்ள ஜனங்களுக்கு வீடமைத்துத் தருவதைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கட்டடத்தின் செலவிலிருந்தே தொடங்குகின்றனர். செங்கல் என்ன விலை, சிமெண்டு என்ன விலை, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கே அவர்களுடைய சிந்தனையை முதலில் ஆட்கொள்கிறது. ஆனால் சென்னை ராஜதானியிலும், பின்னர் தமிழ்நாட்டிலும், ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுக் காலமாக இத்துறையில் நடந்துவந்த முயற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கும்போது, வீட்டின் அடியிலுள்ள மனைக்கட்டு யாருக்கு உரியது, அது ஊரின் எப்பகுதியில் இருக்கிறது, அடுத்த மனையில் குடியிருப்பவர் யார் என்னும் கேள்விகளுக்குச் சர்க்கார் நேர்மையான விடை தர முன்வந்த காலங்களில்தான் எளியோர் குடியிருப்பு நிலைத்தது என்பதும், அக்கேள்விகளை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தை மட்டும் எழுப்பிய காலங்களில் எவ்வளவு பணம் செலவிட்டபோதிலும் அது நிலைக்கவில்லை என்பதும் புலனாகின்றன. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றின் ஆரம்பத்தைச் சென்னைப் பட்டணத்தில் தேடுவதைவிட அதனை அடுத்த செங்கற்பட்டு ஜில்லாவில் தேடுவதே பொருத்தம். அந்த ஜில்லாவின் கலெக்டராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர் என்பவர் 1891ஆம் ஆண்டில் அங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையை விசாரித்து எழுதிய அறிக்கை, அவர்களுடைய வறுமைக்கு நிலமின்மையை ஒரு காரணமாகக் கூறியதோடு நில்லாமல், அவர்கள் குடிசை போட்டிருந்த மனையின்மீதுகூட அவர்களுக்கு உரிமை கிடையாது என்பதையும், சேரி நத்தம் முழுவதையும் தமதென்று பாராட்டிய மிராசுதாரர்கள், கூலி உயர்வு கேட்பவனையோ வேறிடத்தில் வேலைக்குப் போக எண்ணுபவனையோ குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிடக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்பதையும் தெளிவாக எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிறந்த அரசாணையே, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் பிறர் கைக்குப் போய்விட்ட துயரம் தனியே ஆராயத்தக்கது. நம் விஷயத்துக்கு வேண்டியது, குடியிருக்கும் மனை பிறனுடையதாக இருக்கும் வரையில் மனிதனுடைய உழைப்பும் பிறனுடையதாகவே இருக்கும் என்ற உண்மை அரசாங்க ஆவணம் ஒன்றில் அன்றே பதிவாகிவிட்டது என்பதுதான்.

இதனை முதலில் காரியத்தில் கொண்டுவர முயன்றது 1920ஆம் ஆண்டை ஒட்டி அமைந்த தொழிலாளர் இலாகா ஆகும். தாழ்த்தப்பட்டோருக்கென மனை நிலங்களை ஆர்ஜிதம் செய்து, அதன் விலையைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகப் பல ஆண்டுத் தவணைகளில் வசூலித்துக்கொள்ளும் முறையை அது கைக்கொண்டது. சர்க்கார் அங்கே வீடு கட்டித் தரவில்லை. மனையைத் தந்தது, கட்டிக்கொள்ளும் பொறுப்பைக் குடும்பத்தாரிடம் விட்டது. இந்த எளிய ஏற்பாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சர்வதேச நிபுணர்களின் யோசனையாக இதே ஏற்பாடு சென்னைக்குத் திரும்பி வந்தபோது, இது நம் நாட்டிலேயே ஒருமுறை நடந்தேறியது என்ற நினைவு ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் நகரத்துக்கென்று இயற்றப்பட்ட சட்டம் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. பிறருடைய காலி மனையை வாடகைக்கு எடுத்து அதில் தன் செலவில் வீடோ குடிசையோ கட்டிக்கொண்டவனை மனைக்காரர் நினைத்தபோது வெளியேற்றிவிடாதபடி, 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம், கட்டடத்துக்கு நஷ்டஈடு பெறும் உரிமையையும், நீதிமன்றத்தின் மூலம் அம்மனையை விலைக்குக் கேட்கும் உரிமையையும் அவனுக்கு அளித்தது. கட்டினவனுக்கு மண்ணின்மேல் ஒரு நியாயம் உண்டு என்ற இந்தக் கொள்கை மிகவும் உயர்ந்தது. பட்டணத்தின் பழைய பகுதிகளில் எத்தனையோ எளிய குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பியது இதன் புண்ணியத்தால்தான்.

அதன் பிறகு வந்த இருபது முப்பது ஆண்டுகளை நாம் விரைந்து கடந்துவிடலாம். 1940களில் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டும், 1961ஆம் ஆண்டில் அதன் இடத்தில் அமைந்த வீட்டுவசதி வாரியமும் நகர் விரிந்த திசைகளிலெல்லாம் ஒழுங்கான தெருக்களை வகுத்தன. எனினும் அவற்றின் மனைகள் மாதச் சம்பளக்காரர்களுக்கே பெரிதும் பயன்பட்டன. கூவத்தின் கரையிலும், பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலும், ரயில் பாதைகளின் அருகிலும் குடிசைகள் பெருகிக்கொண்டே சென்றன.

1970, 1971 ஆகிய ஆண்டுகள் இவ்வரலாற்றில் தனிச் சிறப்புடையவை. 1970 செப்டம்பரில் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது, ராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ்ச் சென்னையில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி ஒருவரும் வெளியேற்ற முடியாது என்பது அச்சட்டத்தின் உயிர்நிலை. அதே 1971ஆம் ஆண்டில்தான் கிராமப்புறத்து விவசாயத் தொழிலாளிக்கு அவன் குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்பு உடைமைச் சட்டமும் வந்தது. விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியின் நெருப்பு அணைந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், பண்ணையாரின் மனையில் குடியிருப்பது எத்தகைய அடிமைத்தளை என்பதைத் தஞ்சை மாவட்டத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ட்ரெமென்ஹீர் எழுப்பிய பிரச்சினைக்கு எண்பது ஆண்டுகள் கழித்துக் கிராமத்துக்கு ஒரு சட்டமும் நகரத்துக்கு ஒரு சட்டமுமாக ஒரே ஆண்டில் பதில் வந்ததை, இத்துறையில் எழுதுவோர் இணைத்துப் பார்க்காமல் விட்டது வியப்பளிக்கிறது.

வாரியத்தின் தொடக்ககாலக் குடியிருப்புகள், குடிசைகள் இருந்த அதே இடத்திலேயே, தரைத்தளத்தோடு மூன்று மாடிகளாக எழுந்தன. நொச்சிக்குப்பத்து மீனவருக்குக் கடற்கரையை விட்டு அகலாமல் வீடு கிடைத்தது. அறை சிறியது, படிக்கட்டு இருட்டு, பராமரிப்பு குறைவு என்று அக்கட்டடங்களைப் பற்றிக் கூறப்பட்ட குறைகள் அனைத்தும் மெய்யே. ஆயினும் தொழிலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடைதூரத்தில் நீடித்ததால் அக்குடும்பங்கள் பிழைத்தன. ஏழே ஆண்டுகளில் நகரைக் குடிசையற்றதாக்குவது என்ற உத்தேசம் மட்டும் நிதியின்மையால் நிறைவேறவில்லை. ஒவ்வொரு வீட்டையும் முழுதாகக் கட்டி முடித்தே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், கட்டுகிற வேகத்தைவிடக் குடிசைகள் பெருகுகிற வேகமே மிகுதியாக இருந்தது.

இந்நெருக்கடியில்தான் 1977ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற அபிவிருத்தித் திட்டம் வந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் ஏழைகள் தாமாகவே வீடு கட்டிக்கொள்வதைப் பல ஆண்டுகள் உடனிருந்து கண்ட ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர், மக்களின் கட்டும் திறமையைச் சர்க்கார் தடுக்காமல் அதற்கு வேண்டிய நிலத்தையும் நீரையும் பாதையையும் தந்தால் போதும் என்று வற்புறுத்திவந்தார்; அக்கருத்தின் செல்வாக்கில் உலக வங்கி 1972ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் தொடங்கிய முறைதான் சென்னைக்கும் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்கள் மனை வகுத்துக் கொடுப்பதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அடுத்த கட்டத்தில் முகப்பேர் முதலியவை சேர்ந்தன. ஏற்கெனவே இருந்த குடிசைப் பகுதிகளைக் கலைக்காமல், அங்கேயே குழாயும் கழிப்பறையும் நடைபாதையும் விளக்கும் அமைத்து, மனைகளைத் தவணையில் குடியிருப்போருக்கே விற்பது இத்திட்டத்தின் மற்றொரு பிரிவாக நடந்தது.

அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கையாளப்பட்ட வடிவமைப்பு நுட்பம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மிகவும் எளிய பிரிவினருக்கான மனைகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் வகுக்கப்பட்டன. முகப்பு குறுகக் குறுக, ஒரு வீட்டின் பங்குக்கு வரும் தெருவின் நீளமும், குடிநீர்க் குழாயின் நீளமும், சாக்கடையின் நீளமும் குறையுமாதலால், மனையின் விலையில் பெரும்பகுதியான வசதிச் செலவு அதனால் இறங்கிவிடுகிறது. மனையில் ஒரு கழிப்பறை மட்டும் கட்டிக் கொடுப்பது ஒரு வகை. அதனுடன் வீட்டின் ஒரு பகுதியையும் எழுப்பிக் கொடுப்பது வேறொரு வகை. குடும்பம் தன் சக்திக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாண்டில் கீற்றுக் கூரை, கைக்குக் காசு வந்தபோது சுவர், மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு முன் தளம், பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதும் மாடி என்று குடும்பத்தின் வாழ்க்கையோடு வீடும் வளர்வதற்கு இடம் இருந்தது. மாடியை வாடகைக்கு விட்டவர்கள் தவணையை அதிலிருந்தே கட்டினார்கள். வாடகைக்கு வந்த ஏழைக்கும் ஒரு கூரை கிடைத்தது.

இதைவிடவும் ஆழ்ந்த விவேகம் மனைகளைக் கலந்து வைத்ததில் இருந்தது. அகன்ற சாலைகளின் ஓரத்தில் மத்திய வருமானத்தாருக்கும் உயர் வருமானத்தாருக்கும் பெரிய மனைகள், அவற்றின் பின்னே உட்தெருக்களில் சிறிய மனைகள், இடையிடையே கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் உரிய இடங்கள் என்று ஒரே நகர்ப்பகுதிக்குள் பல தரத்தாரும் குடியேறுமாறு வரைபடம் வகுக்கப்பட்டது. பெரிய மனைகளையும் வியாபார மனைகளையும் சந்தை விலைக்கு விற்று வந்த லாபம் சிறிய மனைகளின் விலையைத் தாங்கியது. ஆகவே ஏழைக்கு அளித்த சலுகையின் பாரம் சர்க்கார் கஜானாவின்மேல் முழுதாக விழவில்லை. ஆனால் பணக்கணக்கைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று இதனால் விளைந்தது. பலதரப்பட்ட ஜனங்கள் வாழும் பகுதிக்குப் பஸ் வரும், பள்ளிக்கூடம் வரும், பாங்கு வரும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதிகாரியைக் கேட்பதற்கு வாயுள்ளவர் நாலு பேர் இருப்பார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவளுக்கு இரண்டு தெரு தாண்டினால் வேலை கிடைக்கும். ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்து வைக்கும் எந்தத் திட்டத்தாலும் இவற்றைத் தர முடியாது.

ஆயினும் அக்காலத்து மதிப்பீட்டாளர்கள் இத்திட்டத்தை மெச்சவில்லை. மனைகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடக்கின்றன, தவணைகள் பாக்கி விழுகின்றன, ஏழைகள் மனையை விற்றுவிட்டுப் போகிறார்கள் என்பன அவர்களுடைய ஆட்சேபங்கள். 1990களில் உலகெங்கும் இம்முறை ஏறக்குறையக் கைவிடப்பட்டது. வளர்வதற்கென்றே வகுக்கப்பட்ட ஓர் ஊரை அது வளர்வதற்கு முன்பே அளந்து பார்த்துத் தோல்வி என்று எழுதியது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். சென்னையிலும் பம்பாயிலும் இத்தகைய இடங்களை இருபதாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றும், அவை பல வருமானத்தாரும் கலந்து வாழும் செழிப்பான பகுதிகளாகிவிட்டன என்றே கண்டது. விற்றுச் சென்றவர் சிலர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிரயப் பத்திரம் கையிலிருந்தவர் விற்றபோது, அதன் விலையேனும் அவர் கையில் வந்து சேர்ந்தது.

இம்முறையின் அழகை முழுதாக உணர விரும்புவோர் இந்தூரிலுள்ள ஆரண்யா குடியிருப்பையும் அறிந்துகொள்ள வேண்டும். பாலகிருஷ்ண தோஷி என்னும் மேதை 1980களில் சுமார் 6,500 மனைகளுக்கென அதனை வகுத்தபோது, மாதிரிக்கு 80 வீடுகளை மட்டும் கட்டிக் காட்டி, திண்ணை, படி, மாடம் ஆகியவற்றைப் பலவாறாக இணைக்கும் வழிகளைக் கற்பித்து, மற்றதைக் குடியிருப்போர் கையில் விட்டார். 1995ஆம் ஆண்டில் ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது.

சென்னையோ அதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், சுனாமிக் கடற்கோளுக்குப் பின் செம்மஞ்சேரியும், அதன் பின்னர் எட்டு அடுக்குகளாகப் பெரும்பாக்கமும் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருந்தவர்கள் ஆட்சேபணையுள்ள புறம்போக்கில் இருப்பவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டு, 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாக அங்கே கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டனர். வெள்ளத்துக்கு அஞ்சி ஆற்றங்கரையிலிருந்து அகற்றியவர்களைச் சதுப்பு நிலத்தின் அருகே குடிவைத்ததை எந்த நியாயத்தால் சமாதானம் செய்வது? கட்டடம் உறுதியாக இருக்கலாம், மின்தூக்கியும் இருக்கலாம். ஆனால் நகரின் நடுவில் வீட்டு வேலை செய்துவந்த பெண் விடியுமுன் பஸ் ஏறி இருபது கிலோமீட்டர் வந்து போக வேண்டியதாயிற்று, பலர் வேலையையே விட்டனர், பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. அங்கே சென்றோரில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஊருக்குப் புறம்பே சேரியை வைத்த பழைய வழக்கத்தையே நாம் பல மாடிகளாக உயர்த்திக் கட்டியிருக்கிறோம் என்ற வேதனை எழாமல் இராது. 1971ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தடுத்திருக்கக்கூடும். ஆனால் 1985ஆம் ஆண்டில் பதினேழு இடங்களைச் சேர்த்ததோடு குடிசைப் பகுதிகளை அறிவிக்கும் வேலையே நெடுங்காலம் நின்றுபோயிற்று.

அண்மைக் காலச் சட்டங்களில் நன்மை இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஐந்து அவர்களுக்கு உரியது என்றும், அதில் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் ஒரு பிரிவு, குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள மானியம் தருகிறது. ஆனால் பட்டாவுள்ள மனை இருந்தால்தான் அந்த மானியம். மனையே இல்லாதவனுக்கு அப்பிரிவின் வாசல் அடைத்தே இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற புதுப் பெயரைப் பெற்றது. மனை வகுத்துக் கொடுக்கும் பழைய பணியை அது மீண்டும் மேற்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அதற்கு ஒரு பிடிமானம் இன்றும் விதிகளில் மிஞ்சியிருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு மனையாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கட்டட விதி. அரும்பாக்கத்து வரைபடத்தின் கருத்து இந்த ஒரு விதியில் உயிரோடிருக்கிறது. ஒரகடத்திலும் திருமழிசையிலும் கூடுவாஞ்சேரியிலும் தினந்தோறும் புது மனைப்பிரிவுகள் கல் நடப்பட்டு விற்கப்படுகின்ற இந்நாளில், அந்தப் பத்துப் பங்கு மனைகள் எத்தனை, அவை எவர் பெயரில் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் இப்போது குடியிருப்பவர் யார் என்பதைப் பத்திரப்பதிவு ஆவணங்களைக் கொண்டு கிராமம் கிராமமாகக் கணக்கெடுப்பதே இத்துறை ஆராய்ச்சியாளர்கள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணி.