கொல்லை அறைக்கு வந்த மருந்து

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், கடைசிக்கு முந்தின ஸ்டேஷனுக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். ஒரு நாள் என் எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சானடோரியம்னா என்னம்மா?" என்று கேட்டான். "அது ஊர் பேருடா" என்றாள் தாயார், கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே.

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் பாட்டிக்கு அந்த வார்த்தை ஊர்ப் பெயர் அல்ல. பாட்டியின் தங்கைக்கு க்ஷயரோகம். நாற்பதுகளின் மத்தியில் நடந்த சங்கதி. கும்பகோணத்து வீட்டின் கொல்லை அறையில் அவளை வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அவளுடைய மூன்று வயதுப் பிள்ளையை ஜன்னல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமென்று அழுவான். ஏதோ ஒரு சானடோரியத்தில் இடம் கேட்டு மனுப் போட்டிருந்தது. இடம் காலியிருக்கிறது என்று தபால் வந்த அன்றைக்கு இங்கே பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்ததாம். இதைச் சொல்லும்போது பாட்டி அழமாட்டாள். "கடுதாசியை என்ன பண்றதுன்னு தெரியலை, அடுப்பிலே போட்டேன்" என்பாள்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை கணக்குச் சொல்கிறது: அன்றைய இந்தியாவில் க்ஷய நோயாளிகள் சுமார் 25 லட்சம், வருஷத்துக்குச் சாவு சுமார் 5 லட்சம், அவர்களுக்கென்று இருந்த படுக்கைகள் சுமார் 6,000. எங்கள் வீட்டுக்கு ஒரு பதிலாவது வந்ததே, அதுவே பெரிது.

சானடோரியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான ஆகாரம். மருந்து கிடையாது, இல்லாத மருந்தை யார் கொடுப்பது? தாம்பரத்தில் 1928-ல் அதை ஆரம்பித்தவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போயிருக்கிறார். பணம் படைத்தவர்களும் அதிர்ஷ்டக்காரர்களும் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்களுக்குக் கொல்லை அறை.

பிறகு மருந்து வந்தது. 1943-ல் அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் யுத்தத்தில் நொடித்துப்போன பிரிட்டனுக்கு அதை வேண்டிய மட்டும் வாங்க டாலர் இல்லை. கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாத மருந்தை யாருக்குக் கொடுப்பது?

அந்த நாட்டின் சர்க்கார் பணத்தில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தச் சங்கடத்தையே ஓர் ஆராய்ச்சியாக்கிவிட்டது. 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கையில் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மாத்திரம். யாருக்கு எது என்பதை டாக்டரின் தயவு தீர்மானிக்கவில்லை. ஒட்டி மூடிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. திட்டத்தை வகுத்த பிராட்போர்டு ஹில், வாலிபத்தில் இதே நோயால் படுக்கையில் கிடந்து, டாக்டருக்குப் படிக்கும் ஆசையை விட்டவர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் இறந்தவர் 4, பெறாதவர்களில் 14. முடிவு 1948 அக்டோபரில் அச்சாயிற்று.

அந்த ஜூன் மாதம் 30-ந் தேதிதான் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் க்ஷயத்தால் காலமானார். அதே வருஷம் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் ஆர்வெல் அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ரெப்டோமைசினைப் போட்டுக்கொண்டார். அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1950 ஜனவரியில் அவரும் போனார். கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஒருவருக்கு மருந்து எட்டவில்லை. எட்டியவருக்கோ மருந்தைக் கையாளும் வித்தை இன்னும் எவருக்கும் கைவரவில்லை.

அந்த வித்தைதான் அடுத்த பாடம். ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் பழக முடிவதில்லை. 1952-ல் ஐசோனியஸிட் வந்தது. அந்தப் பொருளை 1912-லேயே பிராக் நகரில் இரண்டு ரசாயனிகள் தயாரித்திருந்தபடியால், அதற்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியவில்லை. விலை மலிந்தது.

மலிந்த மாத்திரை கைக்கு வந்ததும் ஒரு கேள்வி பிறந்தது. நல்ல காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும் இல்லாமல், நெரிசலான குடியிருப்பிலேயே இந்த மருந்து வேலை செய்யுமா? இதைக் கேட்பதில் மருந்துக் கம்பெனிக்கு அவசரமில்லை. கட்டிடம் கட்டி வைத்திருக்கும் சானடோரியத்துக்கும் ஆசை இருக்க நியாயமில்லை. பொதுஜனப் பணத்துக்குத்தான் அந்தக் கேள்வி தேவையாயிருந்தது. 6,000 படுக்கையை 25 லட்சமாகப் பெருக்க எந்தக் கஜானாவாலும் முடியாதல்லவா?

1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. முதல் தலைவர் டாக்டர் வாலஸ் பாக்ஸ். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்து, இங்கேயும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம்.

வீட்டு நோயாளிகளைத் தேடி நர்ஸுகள் சந்து சந்தாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று, மீதி மாத்திரையை எண்ணினார்கள். உண்மையாகவே சாப்பிடுகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஆராய்ச்சி என்றால் நமக்குக் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த ஆராய்ச்சியில் பாதி, வெயிலில் நடந்த நடை.

முடிவு 1959-ல் வெளிவந்தது. ஒரு வருஷத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்; வீட்டில் 86 பேர். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு அதிகம் பெருத்தார்கள். ஆனால் நோயை விரட்டியது சாப்பாடு அல்ல, மாத்திரை. அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று: நோயாளி வீட்டிலேயே மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தாருக்கு அதிகப்படியாக நோய் தொற்றவில்லை. தொற்றுகிற அபாயமெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புஸ்தகத்தை மூடி வைத்தேன். அந்த ஜன்னல் கம்பி ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு நெருடலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமுகிற தகப்பனைக் குழந்தைகள் நடுவே விட்டுவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்பது தர்மமா? முடிவு தெரிந்த நமக்குச் சமாதானம் சொல்வது எளிது. தெரியாமலே சம்மதித்த குடும்பங்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் பரிசோதனை இல்லாவிட்டாலும் அந்தத் தகப்பன்களில் பெரும்பாலோர் அதே வீட்டில், மருந்தே இல்லாமல், இருமிக்கொண்டிருந்திருப்பார்கள். இந்த வாதம் என்னை முக்கால்வாசி சமாதானப்படுத்துகிறது. மீதிக் கால் அவர்களுக்குப் பட்ட கடன்.

அதற்குப் பிறகு இந்தியாவின் க்ஷயத் திட்டம் வீட்டு வைத்தியத்தையே அஸ்திவாரமாகக் கொண்டது. வெளிநாடுகளிலும் சானடோரியங்கள் மூடின. வீட்டில் பலர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்பதும் சென்னையில்தான் துலக்கமாயிற்று. வாரம் இருமுறை ஒருவர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் போதும் என்று இங்கே பரீட்சித்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய முறைக்கு அதுவும் ஒரு விதை.

பொதுப் பணம் தன் தோல்வியையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1968-ல் செங்கற்பட்டு ஜில்லாவில் சுமார் 3,60,000 பேரைச் சேர்த்துப் பி.சி.ஜி. ஊசியைப் பரிசோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. தேசம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த ஊசி! ஆனாலும் முடிவை அச்சிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான க்ஷயத்தை அது தடுப்பதால், பச்சைக் குழந்தைகளுக்குப் போடுவது தொடர்கிறது. விற்கிறவன் இப்படி ஒரு சோதனையைத் தேடிப் போவானா?

சாப்பாட்டுக் கதையும் 1959-ல் முடிந்துவிடவில்லை. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், சர்க்கார் பணத்தில் இன்னொரு சோதனை நடந்தது. நோயாளிகளின் வீட்டார் சுமார் 10,000 பேர். ஒரு தரப்பு வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. மறு தரப்பில் நோயாளிக்கு மட்டும். வீட்டார் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்ட வீடுகளில் புதிதாக க்ஷயம் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. வந்துவிட்ட நோயைத் தீர்ப்பது மாத்திரை. வராமல் காப்பதில் சோற்றுக்கும் பங்குண்டு. சேத்துப்பட்டு நிலையத்துக்கு இந்த ஆராய்ச்சியிலும் கை உண்டு. இன்று அதற்குத் தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

உலகத்து க்ஷய நோயாளிகளில் நாலில் ஒருவர் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார். அதனால் வெற்றிச் சங்கு ஊத நான் தயாராயில்லை. ஆனால் அந்த நாலில் ஒருவர் இன்றைக்கு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, தன் பிள்ளையோடு தன் வீட்டிலேயே இருக்கலாம்.

அடுத்த முறை எந்தப் பையனாவது அந்த ஸ்டேஷனில் கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன். "முன்னே வியாதிக்காரர்களை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்த இடம், தம்பி. இப்போது மருந்து வீட்டுக்கே போகிறது."